கரண்ட் போகாத நாட்கள்

அந்த லாண்டரியில் எனக்கு டாக்டரம்மா என்று பெயர். கம்ப்யூட்டர் படுத்துக்கொண்டால்தான் என் நினைவு வரும். எழுந்து நடமாட ஆரம்பித்துவிட்டால் நான் இருக்கிறேனா போனேனா என்று யாரும் கேட்பதில்லை. அதில் எனக்கு வருத்தமும் இல்லை. இந்த வயதில் யாராவது மறந்தால்தான் மூட்டுக்கு ஓய்வு.

அவர்கள் வைத்திருக்கும் சாஃப்ட்வேர் நான் எழுதியது. கறுப்புத் திரை, பச்சை எழுத்து, மவுஸ் கிடையாது. எனக்குத் தலை கறுப்பாக இருந்த காலத்தில் எழுதிக் கொடுத்தேன். இப்போது அதைத் திறந்து பார்க்கத் தெரிந்த ஆள் நான் ஒருத்திதான் மிச்சம். ஓட்டல் விரிப்பு, ஆஸ்பத்திரி உடை, விடுதிப் பிள்ளைகளின் சட்டை என்று மூட்டை மூட்டையாகத் துணி வரும். ஒவ்வொரு மூட்டைக்கும் ஒரு நம்பர். அது யாருடையது, எந்த வேனில் எந்த முகவரிக்குப் போக வேண்டும் என்பதெல்லாம் ஒரே ஒரு ஃபைலில் இருக்கிறது. அந்த ஃபைல்தான் சில மாதங்களாகத் திரும்பத் திரும்பக் கெட்டுக்கொண்டிருந்தது.

கெட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு உதாரணம் போதும். முந்தின வாரம் ஆபரேஷன் உடைகள் ஒரு ஓட்டலுக்குப் போய்விட்டன. அங்கே தங்கியிருந்த ஒருவர் அதை ராத்திரி உடை என்று நினைத்து மாட்டிக்கொண்டு, முதுகுப் பக்கம் துணியே இல்லையே என்று வரவேற்பறையில் வந்து நின்றிருக்கிறார். எல்லோரும் சிரித்தார்கள். சின்ன முதலாளி மட்டும் சிரிக்கவில்லை.

அவருக்கு வயது ஐம்பதை எட்டப் போகிறது. இருந்தாலும் அவர் அப்பாவை எல்லோரும் பெரியவர் என்றதால் இவர் சின்ன முதலாளியாகவே இருக்கிறார். மாடியில் கண்ணாடி அறையில் என்னை உட்கார வைத்து நேராக விஷயத்துக்கு வந்தார்.

"அடுத்த தடவை கெட்டுச்சுன்னா ரெண்டு பேரை அனுப்பிடுவேன் டாக்டரம்மா. ஒண்ணு உங்க சாஃப்ட்வேர். இன்னொண்ணு பெரியக்கா."

பெரியக்கா முன்பக்கக் கவுண்டரில் துணி வாங்கிப் பதிகிறவர். லாண்டரி தொடங்கிய நாளிலிருந்து அங்கே இருக்கிறார். அவர் என்ன செய்தார் என்று கேட்டேன். அவரே ஒப்புக்கொண்டுவிட்டாராம். கண் சரியாகத் தெரியவில்லை, எதையோ மாற்றி அமுக்கிவிட்டேன் போலிருக்கிறது என்று தானாகவே மாடிக்கு வந்து சொன்னாராம்.

எனக்கு அங்கேயே பொறி தட்டியது. எந்த விசையை அமுக்கினாலும் அந்த ஃபைல் கெடாது. ஒரு குழந்தையை உட்கார வைத்து விசைப் பலகையில் தாளம் போட விட்டாலும் கெடாது. அவ்வளவு தூரம் கட்டிக் காத்துத்தான் எழுதியிருக்கிறேன். அப்படியென்றால் பெரியக்கா செய்யாத குற்றத்தை ஏன் தலையில் தூக்கி வைத்துக்கொள்கிறார்? அந்த வேலை போனால் இந்த வயதில் அவருக்கு வேறு வேலை கிடையாது. வீட்டில் நடக்க முடியாத ஒரு தங்கையை வேறு வைத்துக் காப்பாற்றுகிறார்.

சனிக்கிழமைக்குள் காரணத்தைச் சொல்கிறேன், அதுவரை யாரையும் அனுப்ப வேண்டாம் என்றேன். அவர் சரி என்று சொல்லிவிட்டு வேறு காகிதத்தைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

செவ்வாயும் புதனும் ஒயர்களோடு போயின. ஃபைல் கெட்டால் முதலில் ஒயரைப் பார்க்க வேண்டும், பிறகு டிஸ்க்கை, பிறகு மனிதர்களை. பெரும்பாலும் மூன்றாவதில்தான் வந்து நிற்கும். ஆனால் நேரே மூன்றாவதுக்குப் போனால் யாரும் நம்ப மாட்டார்கள். சலவை இயந்திரங்களுக்குப் பின்னால் ஈரத்தில் குனிந்து கேபிளைத் தடவினேன். எலி கடித்த தடம் எதுவும் இல்லை. டிஸ்க்கைச் சோதித்தேன், கிழடுதான், ஆனாலும் என்னைவிட ஆரோக்கியமாக இருந்தது. வைரஸ் பார்க்கிற புரோகிராம் ஃபைலைப் பிடித்து வைத்துக்கொள்கிறதா என்று பார்த்தேன், அதுவும் இல்லை. ராத்திரி வீட்டுக்குப் போனால் என் வீட்டுக்காரர், ஊரான் வீட்டுத் துணிக்கு நீ ஏன் முட்டியைத் தேய்க்கிறாய் என்று கேட்டார். நியாயமான கேள்வி. பதில் சொல்லத் தெம்பில்லாமல் தூங்கிவிட்டேன்.

கெட்டுப்போன இடங்களை மட்டும் எடுத்து அடுக்கிப் பார்த்ததில் ஒரு விஷயம் தெரிந்தது. எல்லாமே பின்னறையில் பதிந்தவை. அதிலும் சாயங்காலம் போகிற மூன்றாவது, கடைசி வேன்தான் ஒவ்வொரு தடவையும் பாதி எழுதியதோடு நின்றிருந்தது. செவ்வாய், வியாழன், சனி. மற்ற நாட்களில் ஒரு சிராய்ப்புகூட இல்லை. மிஷினுக்குக் கிழமை தெரியாது. கிழமை பார்த்து வேலை செய்வது மனிதன்தான்.

வியாழக்கிழமை மத்தியானமே பின்னறைக்குப் போய் உட்கார்ந்துவிட்டேன். இஸ்திரிக் கூடத்துக்கும் வேன் நிற்கும் முற்றத்துக்கும் நடுவே இருக்கிற சின்ன அறை அது. சூடான துணி வாசனையும் சோப்பு வாசனையும் சேர்ந்து அடிக்கும். ஒரு மேஜை, ஒரு ஸ்டூல், கிழட்டுக் கம்ப்யூட்டர் ஒன்று. அங்கே உட்கார்ந்து வேன்களுக்கு மூட்டை பிரித்து அனுப்புகிறவளுக்குப் பாப்பா என்று பெயர். நரை விழுந்துவிட்டது, இன்னும் பாப்பாதான். சின்ன முதலாளியின் கூடப் பிறந்த தங்கை. கல்யாணம் வேண்டாமென்று இருந்துவிட்டவள். முதலாளி வீட்டுப் பெண் என்று அவளுக்கு எந்தச் சலுகையும் கிடையாது. மற்றவர்களுக்கு ஒரு கண் என்றால் தங்கைக்கு இரண்டு கண் வைத்துப் பார்க்கிறவர் அண்ணன்.

நான் போய் உட்கார்ந்ததிலிருந்து பாப்பாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. தண்ணீர் வேண்டுமா, மாடியில் காற்று வருமே, பெரியக்கா உங்களைத் தேடினாரே என்று என்னைக் கிளப்புவதற்கு என்னவெல்லாம் உண்டோ அத்தனையும் செய்து பார்த்தாள். நான் நகரவில்லை. முட்டி வலியில் உட்கார்ந்தவளை எழுப்புவது அவ்வளவு சுலபமல்ல. நான்கு மணி நெருங்கும்போது பக்கத்துத் தெருவில் பஸ் வந்து நின்ற சத்தம் கேட்டது. பாப்பா எழுந்தாள், என்னைப் பார்த்தாள், திரும்ப உட்கார்ந்தாள். பஸ் போய்விட்டது. அதற்குப் பிறகு அவள் மூட்டைகளைத் தப்பாக எண்ணிவிட்டு மறுபடி எண்ணினாள். அவள் கண் கலங்கியிருந்ததைப் பார்த்தபோது, என்னவென்று தெரியாமலே ஏதோ பாவம் செய்துவிட்ட மாதிரி இருந்தது.

அன்றைக்கு ஃபைல் கெடவில்லை.

எழுந்திருக்கச் சுவரைப் பிடித்தபோதுதான் கம்ப்யூட்டரின் பிளக்கைப் பார்த்தேன். அறை முழுவதும் பஞ்சுத் தூசி படிந்து கிடக்கிறது. பிளக் மட்டும் கை பட்டுப் பட்டுப் பளபளவென்று இருந்தது. அது செருகியிருந்த சுவர் ஓட்டைகளைச் சுற்றித் தீப்பொறி பட்டுக் கறுத்திருந்தது. லேசாக இழுத்தேன், தொளதொளவென்று கையோடு வந்தது. வருஷக்கணக்கில் யாரும் தொடாத பிளக் இப்படி இருக்காது.

மலையைக் கெல்லி எலியைப் பிடித்தாகிவிட்டது. ஆனால் ஏன் பிடுங்குகிறார்கள் என்று யோசிக்கும்போதுதான் எனக்குச் சிரிப்பும் கோபமும் ஒன்றாக வந்தன. ஏனென்றால் அதற்குக் காரணமான சங்கதியைப் பெரியவர் சொல்லச் சொல்ல எழுதியவளே நான்தான்.

நேரத்தைத் திருடுகிறவன் சோப்பைத் திருடுகிறவனைவிட மோசம் என்பார் பெரியவர். அதனால் வேலை முடிந்து யார் திரையை மூடினாலும் அந்த நேரம் பதிவாகும். மூடாமல் போனால், கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் தானாகவே மூடி, கடைசியாக விசை தட்டிய நேரத்தைப் போட்டுவிடும். தப்பிக்க வழியே கிடையாது, ஒன்றைத் தவிர. கரண்ட் போனால் தொழிலாளி என்ன செய்வான், அவனுக்கு முழு நாள் போட்டுவிடு என்றும் அவர்தான் சொன்னார். அப்படியே எழுதினேன். திரை மூடப்படாமல் மிஷின் அணைந்திருந்தால், மறுநாள் அது கரண்ட் போனதாக எடுத்துக்கொண்டு லாண்டரி மூடும் நேரத்தையே பதிந்துவிடும். சின்ன முதலாளி ஏழு மணிக்குக் கீழே இறங்கி வருவார். அதுவரை மாடியில்தான் இருப்பார். யார் எப்போது போனார்கள் என்பதை மறுநாள் காலையில் திரையில் பார்த்துத்தான் தெரிந்துகொள்வார். அவருக்கு ஆளைவிட எழுத்தில்தான் நம்பிக்கை, அப்பனைப் போலவே.

தேநீர் வேளையில் பெரியக்காவைத் தனியாகப் பிடித்து, கரண்ட் போகாத நாளில் பிளக்கைப் பிடுங்குவது நீங்களா என்று கேட்டேன். அவர் டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு எல்லாம் வந்தது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அப்பாவுக்கும் மகனுக்கும் நடந்த சண்டை எனக்கும் தெரியும். புது இயந்திரம் வாங்குவதைப் பற்றி ஆரம்பித்தது. தொழிலாளர்கள் அத்தனை பேர் முன்னால் பெரியவர் மகனை, நீ எதற்கும் லாயக்கில்லை என்று சொல்லிவிட்டார். மகன், அப்படியென்றால் நீங்கள் இங்கே வராதீர்கள் என்றார். பெரியவர் அன்று சாயங்காலமே ஒரு பையோடு வீட்டை விட்டுப் போய்விட்டார். எங்கே என்று மகன் கேட்கவில்லை. அவரைப் பார்க்கப் போகிறவர்களுக்கு இங்கே இடமில்லை, தங்கையானாலும் சரி என்று எல்லோருக்கும் சொல்லிவிட்டார். லாண்டரியின் முதல் வாடிக்கையாளர் பெரியவர்தான். சாஃப்ட்வேரைச் சோதிக்க அவர் சட்டைகளைத்தான் முதலில் பதிந்தோம். காலர் உள்பக்கத்தில் ஒன்று என்று மையால் எழுதியிருக்கும். அந்த ஒன்றாம் நம்பர் கணக்கையும் மகன் தன் பாஸ்வேர்டைப் போட்டு மூடிவிட்டார். தெரியாதது இனிமேல்தான் வந்தது.

"பெரியவருக்குக் கால்ல சர்க்கரைப் புண்ணு. ஒருநாள் விட்டு ஒருநாள் கட்டு மாத்தணும். பாப்பாதான் நாலு மணி பஸ்ஸைப் பிடிச்சு ஓடுறா. கடைசி வேன் நாலரைக்கு முன்னாடி வராது. அதை அவ திரையிலயே நான் பதிஞ்சிட்டு, கையோட ஒயரைப் பிடுங்கிட்டுக் கவுண்டருக்கு ஓடிடுவேன். அதுல ஃபைல் கெடும்னு சத்தியமா எனக்குத் தெரியாதுங்க."

பதிந்த கையோடு பிடுங்கினால் கெடாமல் என்ன செய்யும்? ஃபைல் அதை எழுதி முடிக்கக் கொஞ்சம் அவகாசம் வேண்டும். வாயில் சோறு இருக்கும்போது தட்டைப் பிடுங்கின கதைதான். ஒரு நிமிஷம் பொறுத்துப் பிடுங்கியிருந்தால் ஆயுசுக்கும் யாருக்கும் தெரிந்திருக்காது. இதை அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் அதையே செய்ய ஆரம்பித்துவிடுவார்.

"நான் போறேன் டாக்டரம்மா. என் கண்ணு மேலயே பழியப் போட்டுருங்க. அவளைக் காட்டிக் கொடுத்துராதீங்க" என்றார்.

எனக்கு ஆத்திரமாக வந்தது. பெரியக்கா மேல் இல்லை. குற்றம் பார்க்கின் சுற்றம் இல்லை என்பார்கள். இந்த வீட்டில் அப்பனும் மகனும் குற்றம் பார்ப்பதையே தொழிலாக வைத்துக்கொண்டு, நடுவில் ஒரு கிழவியும் ஒரு நரைத்த பாப்பாவும் ஒயரைப் பிடுங்கிக்கொண்டு திரிகிறார்கள். அதைச் சரிசெய்ய நான் முட்டி தேய ஈரத்தில் தவழ வேண்டும். இவர்கள் ரோஷத்தைச் சரிசெய்யும் புரோகிராம் எதுவும் என்னிடம் இல்லை.

வெள்ளிக்கிழமை பாப்பாவிடமும் பெரியக்காவிடமும் ஒன்றாகவே சொல்லிவிட்டேன். நாளை நான்கு மணிக்குச் சின்ன முதலாளியைக் கீழே வரச் சொல்லியிருக்கிறேன். ஃபைல் ஏன் கெடுகிறது என்று கேட்டார், அதைச் சொல்வேன். யார் என்று என் வாயிலிருந்து வராது. ஆனால் அவர் கேட்பார். பெரியக்கா, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார்.

சனிக்கிழமை நாலுக்கு முன்பே சின்ன முதலாளி இறங்கி வந்துவிட்டார். இஸ்திரிக் கூடத்தில் பேச்சு நின்றது. நான் பிளக்கைக் காட்டினேன். டிஸ்க்கும் கேபிளும் நன்றாக இருக்கின்றன, திரையை மூடாமல் யாரோ இதைப் பிடுங்குகிறார்கள், அதனால்தான் கடைசி வேன் பாதியில் நிற்கிறது என்றேன்.

"யாரு?" என்றார்.

வாசலில் நின்றிருந்த பெரியக்கா வாயைத் திறந்தார். அதற்குள் பாப்பா ஸ்டூலில் உட்கார்ந்து திரையை மூடும் விசையைத் தட்டினாள். பாஸ்வேர்டு கேட்டது, போட்டாள். பச்சை எழுத்தில் அவள் பெயரும் நேரமும் வந்து நின்றன. நான்கு மணிக்கு இன்னும் சில நிமிஷம் இருந்தது.

"எனக்காகத்தான் பெரியக்கா பிடுங்குனாங்க அண்ணா. இனிமே யாரும் பிடுங்க மாட்டோம். நாலு மணிக்குப் போனா நாலு மணின்னே போட்டுட்டுப் போறேன்."

"எங்க போறே?"

"அப்பாவுக்குக் கால்ல புண்ணு. கட்டு மாத்தணும்."

அவர் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். கத்துவார் என்று நினைத்தேன். பெரியவராக இருந்தால் கத்தியிருப்பார். எவ்வளவு நாளாக என்று மட்டும் கேட்டார். மழைக்கு முன்னாலிருந்து என்றாள். போன நேரத்துக்கெல்லாம் சம்பளத்தில் பிடிப்பேன் என்றார். பிடித்துக்கொள், பெரியக்காவை மட்டும் விட்டுவிடு என்றாள்.

அவர் பெரியக்காவின் பக்கம் திரும்பினார். "கண்ணு தெரியலைன்னு பொய் சொன்னீங்களே."

"அதுல பாதி உண்மைதான் தம்பி" என்றார் பெரியக்கா.

யாரும் சிரிக்கவில்லை. பாப்பா மேஜைக்கு அடியிலிருந்து காகிதத்தில் சுற்றிய ஒரு சின்ன மூட்டையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். அதில் நம்பர் இல்லை. நம்பரும் முகவரியும் இல்லாமல் ஒரு கைக்குட்டைகூட வாசலைத் தாண்டக் கூடாது என்பது அங்கே சட்டம். அண்ணன் கையை நீட்டினார். பாப்பா கொடுத்தாள்.

பிரித்துப் பார்த்தார். வெள்ளைச் சட்டைகள். மேலே இருந்ததன் காலரைத் திருப்பினார். உள்ளே மங்கிப்போன மையில் ஒன்று என்று இருந்தது. அந்தக் காலரை இரண்டு விரலால் மடக்கிப் பார்த்தார். மொடமொடவென்று இருந்தது. இஸ்திரிக் கூடத்தைப் பார்த்துத் திரும்பினார்.

"காலர்ல ஏன் கஞ்சி போட்டீங்க? அவருக்குக் கழுத்து அறுக்கும்னு தெரியாது?"

இஸ்திரி போடுகிறவர் கையிலிருந்த பெட்டியை நிமிர்த்தி வைத்தார். இந்தச் சட்டைகளைத் தேய்ப்பது முதலாளிக்குத் தெரியக் கூடாது என்று இத்தனை நாளாகப் பயந்திருந்த மனிதர், இப்படிக் கேட்டால் என்ன சொல்வார்? வெளியே பஸ் வந்து நின்றது. பாப்பா அசையவில்லை. பஸ் போய்விட்டது.

"பதியுங்க" என்றார் என்னிடம். "நம்பர் இல்லாம எதுவும் வெளியே போகக் கூடாது."

நான் ஸ்டூலில் உட்கார்ந்து ஒன்று என்று தட்டினேன். கணக்கு மூடப்பட்டது என்று வந்தது. அதைத் திறக்க அவர் பாஸ்வேர்டு வேண்டும் என்று சொன்னேன். நான் எழுந்து நிற்க, அவர் உட்கார்ந்தார். ஒரே விரலால் தட்டினார். முதல் தடவை தப்பாகப் போனது. இரண்டாவது தடவை கணக்கு திறந்தது. அப்பாவின் பெயர் வந்தது. அதற்குக் கீழே பழைய வீட்டு முகவரி இருந்தது, மகன் இன்னும் குடியிருக்கிற வீடு. துணியை எங்கே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்று கேட்டுக் கட்டம் சிமிட்டிக்கொண்டே இருந்தது.

அவர் பழைய முகவரியை ஒவ்வொரு எழுத்தாக அழித்தார். அழித்து முடித்த பிறகும் விரல் விசை மேலேயே இருந்தது.

"எந்தத் தெரு?" என்றார், தங்கையைப் பார்க்காமல்.

பாப்பா சொன்னாள். மெதுவாகத் தட்டினார். கதவு எண் சொன்னாள், அதையும் தட்டினார். பாதியில் நிறுத்தி, "கீழ் வீடா, மாடியா?" என்று கேட்டார்.

"மாடி. ரெண்டாவது மாடி."

அவர் கையை எடுத்துவிட்டார்.

"அந்தக் காலை வச்சுக்கிட்டா ஏறி இறங்குறாரு?"

பாப்பா தலையை மட்டும் ஆட்டினாள். பெரியக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார். சின்ன முதலாளி முகவரியை முடித்துப் பதியும் விசையை அமுக்கினார். உடனே எழுந்திருக்கப் பார்த்தார். கொஞ்சம் இருங்கள் தம்பி, எழுதி முடிக்கட்டும் என்றேன். ஃபைல் எழுதி முடிக்கிறவரை எல்லோரும் நின்றுகொண்டிருந்தோம்.